உப்புக்காற்றும் தொட்டிச்செடியும்

திமோர் தீவில் கூப்பாங் என்றொரு துறைமுக ஊர். டச்சுக்காரர் ஆண்ட காலத்தில் அங்கே ஐரோப்பியருக்கென ஒதுக்கிய இடுகாட்டில் இரண்டு தோட்டக்காரர்கள் பக்கம் பக்கமாக அடக்கமானார்கள். ஒருவர் டேவிட் நெல்சன். லண்டனை அடுத்த கியூ அரச தோட்டத்து ஆள். 1789 ஜூலை 20 அன்று காய்ச்சலில் இறந்தார். தலைமாட்டில் நட ஒரு கல்கூடக் கிடைக்கவில்லையே என்று அவரை அடக்கம் செய்த கேப்டன் வில்லியம் பிளை தன் பயண நூலில் வருந்தியிருக்கிறார். இன்னொருவர் ஆன்செல்ம் ரியெட்லே. பிரெஞ்சு ஆய்வுப் பயணம் ஒன்றின் தலைமைத் தோட்டக்காரர். 1801 அக்டோபரில் வயிற்றுக்கடுப்பு அவரைக் கொண்டுபோனது. கேப்டன் நிக்கோலா போதேன் அவரை நெல்சனின் குழிக்கு அருகிலேயே புதைக்க ஏற்பாடு செய்தார். பாரிஸும் லண்டனும் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. சண்டைக்கார நாடுகளின் தோட்டக்காரர்கள் மட்டும் மண்ணுக்கடியில் சமாதானமாக இருந்தார்கள்.

கூப்பாங் அதோடு விடவில்லை. 1803இல் மாத்யூ பிளிண்டர்ஸின் இன்வெஸ்டிகேட்டர் கப்பல் அங்கே நின்றுவிட்டுக் கிளம்பியதும் கப்பலில் வயிற்றுக்கடுப்பு பரவியது. ஜூன் மாதம் சிட்னி துறைமுகத்தை எட்டியபோது அதன் தோட்டக்காரர் பீட்டர் குட் உயிர்விட்டார். 14 ஆண்டுகளுக்குள் மூன்று பயணங்களின் மூன்று தோட்டக்காரர்களுக்கு ஒரே துறைமுகம் எமனாக வாய்த்தது.

குக், பிளை, லா பெரூஸ், பிளிண்டர்ஸ் என்று கேப்டன்களின் பெயர்கள் வரைபடமெங்கும் பதிந்திருக்கின்றன. அவர்களோடு போன தாவரவியலாளர்களின் பெயர்கள் செடிகளின் அறிவியல் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கின்றன. அதே கப்பலில் மண்ணும் சட்டியும் தண்ணீர்க் குவளையுமாகத் திரிந்தவர்கள் யார்? அவர்களுக்கு அங்கே என்ன வேலை? அந்த வேலையால் யாருக்கு என்ன கிடைத்தது? 1772 முதல் 1830கள் வரையிலான சுமார் 60 ஆண்டுகளை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விகளைப் பார்க்கலாம்.

உலர்ந்த இலையும் உயிருள்ள கன்றும்

தாவரவியலாளருக்குச் செடியின் சடலம் போதும். இலை, பூ, காய் இருக்கும் கிளையைத் தாள்களுக்கிடையில் வைத்து அழுத்திக் காயவைத்தால் அது 200 ஆண்டுகள் கழித்தும் சாட்சி சொல்லும். புதிய இனத்துக்குப் பெயர் சூட்ட அந்தத் தாள் ஒன்றே ஆதாரம். ஆனால் அரசர்களும் வணிகக் கம்பெனிகளும் பயணத்துக்குப் பணம் கொட்டியது தாளுக்காக மட்டும் இல்லை. காய்க்கும் மரமும், விற்கும் வாசனைப் பயிரும், அரண்மனைத் தோட்டத்தில் பூக்கும் அதிசயமும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. அவை உயிரோடு வந்தாக வேண்டும்.

விதை கொண்டுவந்தால் ஆகாதா என்று கேட்கலாம். பல செடிகளுக்கு ஆகும். ஆனால் வெப்பநாட்டு விதைகள் பல, காய்ந்தால் முளைப்புத் திறனை இழந்துவிடும். மாதக்கணக்கில் ஈரமான கப்பலறையில் கிடந்தால் பூசணம் பிடிக்கும். சில செடிகளுக்கு விதையே கிடையாது. வாழையை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை, கன்றுதான் பிரித்து வைக்கிறோம். நாம் கறிப்பலா என்றும் ஈழத்தில் ஈரப்பலா என்றும் சொல்லும் மரத்தின் நல்ல ரகங்களும் அப்படித்தான். வேரில் வெடிக்கும் கன்றைப் பிரித்து, சட்டியில் வேர்பிடிக்க வைத்து, அப்படியே ஏற்ற வேண்டும். இதற்குப் படித்த தாவரவியலாளரைவிடக் கைப்பழக்கம் உள்ள ஒரு தோட்டக்காரர் தேவைப்பட்டார்.

அப்படிப்பட்டவர்களை உருவாக்கி அனுப்பிய இடங்கள் இரண்டு. ஒன்று கியூ. குக்கின் முதல் பயணத்தில் 1768 முதல் 1771 வரை கூடப் போய்வந்த ஜோசப் பேங்ஸ், திரும்பிய பிறகு பதவிப் பெயர் இல்லாமலேயே கியூவை இயக்கினார். அவருடைய காலத்தில் முதலில் கிளம்பியவர் பிரான்சிஸ் மாசன் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர். 1772இல் குக்கின் ரெசொல்யூஷன் கப்பலில் ஏறி, தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் இறங்கிக்கொண்டார். மற்றொன்று பாரிஸின் அரச தோட்டம், புரட்சிக்குப் பின் தேசிய அருங்காட்சியகமாக மாறியது. அதன் தலைமைத் தோட்டக்காரர் ஆந்திரே தூவேன் அந்தத் தோட்டத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்து, அப்பா இறந்ததும் 17 வயதில் அவர் இடத்துக்கு வந்தவர். கப்பலேறும் தோட்டக்காரர்களுக்கு எதை எப்படிப் பொதிய வேண்டும், எங்கே எதை விதைக்க வேண்டும் என்று விரிவான குறிப்புகள் எழுதிக் கொடுத்தவர் அவர்.

விதைப்பதும் வேலையில் பாதி. போகிற வழியில் ஐரோப்பியக் காய்கறி, பழமரங்களை ஊன்றிவிட்டுப் போவது அக்கால வழக்கம். அடுத்து வரும் கப்பலுக்கு உணவாகும் என்ற கணக்கு. 1788இல் டாஸ்மேனியாவின் அட்வெஞ்சர் விரிகுடாவில் நெல்சன் ஆப்பிள் கன்றுகள் நட்டார். 1792இல் பிளை திரும்பி வந்து பார்த்தபோது ஒன்றே ஒன்று பிழைத்திருந்தது. பின்னாளில் ஆப்பிள் தீவு என்றே பெயர் வாங்கிய நிலம் அது.

பின்தளத்தில் ஒரு தோட்டம்

நாலு நாள் ஊருக்குப் போவதென்றால் மாடியில் இருக்கும் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போகிறோம். அந்தத் தொட்டிகளை ஒரு மரக்கப்பலில் ஏற்றி, ஒன்றரை ஆண்டு கடலில் ஆடவிட்டு, வெப்பமண்டலத்தையும் குளிர்முனையையும் கடந்து கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் எதிரி உப்பு. அலை மேலே அடிக்கவே வேண்டாம், காற்றில் மிதந்துவரும் உப்புத்துளியே இலையைக் கருக்கும். பேங்ஸ் எழுதிய அறிவுரைகளில் இது அழுத்தமாக இருக்கிறது: மிதமான காற்றிலும் உப்புப்பனி படியும், உடனே நன்னீரால் கழுவாவிட்டால் செடி போய்விடும். கழுவ நன்னீர் வேண்டும். அதுவோ மாலுமிகளுக்கே அளந்து ஊற்றப்படும் பொருள்.

அடுத்த எதிரிகள் கப்பலின் குடிமக்கள். நாய், பூனை, குரங்கு, கிளி, ஆடு எதுவும் ஏறக்கூடாது; எலிக்கும் கரப்பானுக்கும் விஷம் வைக்க வேண்டும்; செத்த எலி கூரைப்பலகைக்குள் நாறினால் ஆட்கள் முறையிடக்கூடாது என்றுகூடப் பேங்ஸ் எழுதிவைத்திருக்கிறார். கப்பலில் இருக்கும் மிகச் சிறந்த இடத்தைச் செடிக்குக் கொடுப்பதை கேப்டனும் ஆட்களும் குறையாக எண்ணக்கூடாது என்பது இன்னொரு கட்டளை.

பிளையின் பவுண்டி கப்பலில் இந்தக் கட்டளை மரமும் ஈயமுமாக உருவெடுத்தது. 1787இல் அதன் பெரிய அறையை, வழக்கமாகக் கேப்டன் இருக்கும் அறையை, செடிகளுக்கென்று மாற்றினார்கள். சட்டிகள் ஆடாமல் உட்கார வட்ட ஓட்டைகள் வெட்டிய பலகைத் தளம் அமைத்தார்கள்; 629 சட்டிகளுக்கு இடம். தரை முழுக்க ஈயத்தகடு. செடிக்கு ஊற்றி வடியும் தண்ணீர் அந்தத் தகட்டில் ஓடி, மூலையில் இருக்கும் பீப்பாயில் விழும். அதை எடுத்து மறுபடி ஊற்றலாம். ஒரு சொட்டும் வீணாகக்கூடாது என்று போட்ட கணக்கு. கேப்டன் பிளை சிறிய அறை ஒன்றில் ஒடுங்கிக்கொண்டார்.

அந்தக் கணக்கை மாலுமிகள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்குப் பிளிண்டர்ஸின் நினைவு ஒன்று போதும். 1791இல் பிளை மறுபடியும் கிளம்பிய பிராவிடன்ஸ் கப்பலில் அவர் இளம் பயிற்சி அதிகாரி. திரும்பும் வழியில் தண்ணீர்த் தட்டுப்பாடு. தோட்டக்காரர் வாளியில் தண்ணீர் கொண்டுபோகும்போது படிகளில் சிந்தும் துளிகளை, தாகம் தாங்காத அவரும் மற்றவர்களும் படியிலேயே படுத்து நக்கியிருக்கிறார்கள். செடிக்குத் தண்ணீர் உண்டு, மனிதனுக்கு இல்லை. அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு தாகத்தில் கிடப்பவர்களைத் தாண்டி நடக்கிற தோட்டக்காரருக்குக் கப்பலில் எத்தனை நண்பர்கள் இருந்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை.

கேப்டனே எதிரியானால் செடி கதி அதோகதி. 1791 முதல் 1795 வரை ஜார்ஜ் வான்கூவருடன் வட அமெரிக்க மேற்குக்கரைக்குப் போன ஆர்ச்சிபால்ட் மென்சிஸ், எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் வேலை பழகிப் பிறகு கப்பல் மருத்துவரானவர். அவருக்காகப் பின்தளத்தில் கண்ணாடிச் சட்டமிட்ட செடிக்கூடு கட்டியிருந்தார்கள். பயணத்தின் கடைசி மாதங்களில், கூட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்த ஆளை வான்கூவர் கப்பல் வேலைக்கு இழுத்துக்கொண்டார். மழை உள்ளே கொட்டிச் செடிகள் பாழாயின. சத்தம்போட்டுக் கேட்ட மென்சிஸைக் கேப்டன் காவலில் வைத்துவிட்டார். ஆனாலும் அதே பயணத்திலிருந்து ஒன்று தப்பியது. சிலி நாட்டில் விருந்தொன்றில் பரிமாறிய கொட்டைகள் சிலவற்றை மென்சிஸ் பையில் போட்டுக்கொண்டு வந்து கப்பலில் முளைக்கவைத்தார் என்பது கியூவில் வழிவழியாகச் சொல்லும் கதை. ஐந்து கன்றுகள் இங்கிலாந்து சேர்ந்தன. குரங்கையும் திணறவைக்கும் மரம் என்று ஆங்கிலேயர் பிற்பாடு பெயரிட்ட சிலி ஊசியிலை மரம் அப்படித்தான் அங்கே வேரூன்றியது.

ஈரப்பலா எடுக்கப் போனவர்கள்

நெல்சன் இரண்டு முறை கடலேறியவர். 1776இல் குக்கின் மூன்றாம் பயணத்தில் டிஸ்கவரி கப்பலில் பேங்ஸ் அவரை அனுப்பினார். அமைதியான, கருத்தான ஆள் என்று அந்தக் கப்பலின் கேப்டன் சார்லஸ் கிளார்க் பேங்ஸுக்கு எழுதினார். 1777 ஜனவரியில் அட்வெஞ்சர் விரிகுடாவில் நெல்சன் ஒரு மரத்தின் கிளையைச் சேகரித்தார். பூ மொட்டுக்கு மூடிபோட்டது போன்ற அமைப்பு. 1779இல் ஹவாயில் மவுனா லோவா எரிமலைச் சரிவில் ஏறிச் செடி தேடினார். சில வாரங்களில் குக் அந்தத் தீவிலேயே கொல்லப்பட்டார்.

இந்த அனுபவத்தால்தான் 1787இல் பவுண்டியில் அவருக்கு இடம் கிடைத்தது. உதவிக்கு வில்லியம் பிரவுன். இலக்கு தஹிதி; எடுத்துவர வேண்டியது ஈரப்பலா. கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த அடிமைகளுக்கு மலிவான உணவு வேண்டும் என்று தோட்ட முதலாளிகள் கேட்டிருந்தார்கள். அமெரிக்க விடுதலைப் போரில் தானியம் வரும் வழி அடைபட்டு, புயல்களும் சேர்ந்து, ஜமைக்காவில் ஆயிரக்கணக்கான அடிமைகள் பசியால் மாண்டிருந்தார்கள். ஒரு மரத்தை நட்டுவிட்டால் ஆண்டாண்டாகக் காய்க்கும் என்பது அவர்கள் வாதம்.

தஹிதியில் ஐந்து மாதம் தங்கினார்கள். கரையில் கூடாரம் போட்டு, தஹிதி மக்கள் காட்டிய கன்றுகளைப் பெயர்த்து, நெல்சனும் பிரவுனும் சட்டிகளில் வேர்பிடிக்கவைத்தார்கள். இந்த மரத்தைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தவர்கள் அந்தத் தீவின் மக்கள்; ரகங்களைத் தெரிவு செய்ததும் கன்று பிரிக்கும் பருவத்தை அறிந்ததும் அவர்களே. 1789 ஏப்ரலில் கிளம்பியபோது 774 சட்டி, 39 தொட்டி, 24 பெட்டிகளில் 1015 கன்றுகள் இருந்தன. ஏப்ரல் 28 அன்று கலகம். பிளையையும் 18 பேரையும் ஒரு திறந்த படகில் இறக்கிவிட்டு, கலகக்காரர்கள் ஈரப்பலாக் கன்றுகளைக் கடலில் எறிந்தார்கள்.

அந்த நாளில் இரண்டு தோட்டக்காரர்களின் வழிகள் பிரிந்தன. பிரவுன் கலகக்காரர்களோடு நின்றார். 1793இல் பிட்கெய்ர்ன் தீவில் வெட்டுக்குத்தில் செத்தார். நெல்சன் கேப்டனோடு படகில் இறங்கினார். ஏறத்தாழ 3600 கடல் மைல், 40 நாளுக்கு மேல், கையளவு ரொட்டித்துண்டும் கொஞ்சம் தண்ணீரும். ஆஸ்திரேலியாவின் வடகிழக்குத் தீவுகளில் இறங்கிய இடங்களில் எந்தக் கிழங்கைத் தின்னலாம், எந்தப் பனையின் குருத்தைத் தின்னலாம் என்று பார்த்துச் சொன்னவர் அவர்தான். ஒரு கட்டத்தில் வயிற்றெரிச்சலும் பார்வை மங்கலும் தாக்கி, இரண்டு பேர் தாங்கித் தூக்கும் நிலைக்கு வந்தார். கூப்பாங் சேர்ந்து உடல் தேறுவதற்குள் காய்ச்சல். அங்கிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்கியது.

பிளை விடவில்லை. 1791இல் கிளம்பிய பிராவிடன்ஸில் ஜேம்ஸ் வைல்ஸ், கிறிஸ்டோபர் ஸ்மித் என்று இரண்டு தோட்டக்காரர்கள். தஹிதியில் 2000க்கும் மேற்பட்ட ஈரப்பலாக் கன்றுகளை ஏற்றினார்கள். வழியில் பெரும்பகுதி கருகினாலும் 1793 தொடக்கத்தில் செயின்ட் வின்சென்ட், ஜமைக்கா இரண்டுக்கும் கன்றுகள் போய்ச் சேர்ந்தன. வைல்ஸ் ஜமைக்காவிலேயே தங்கி அவற்றைப் பார்த்துக்கொண்டார். அவரோடு தஹிதிக்காரர் ஒருவரும் தங்கினார். கப்பலில் ஒளிந்து ஏறி வந்தவர், செடிகளைப் பராமரிக்கக் கைகொடுத்தவர். அந்த ஆண்டே ஜமைக்காவில் இறந்துபோனார்.

மரம் பிழைத்தது, திட்டம் உடனே பலிக்கவில்லை. அடிமைகள் தங்களுக்குப் பழகிய வாழைக்காயையும் கிழங்கையும் விட்டு இந்தப் புதுக்காயைத் தொட விரும்பவில்லை. பல காலம் அது பன்றித் தீனியாகவே இருந்தது. யாருக்காகக் கொண்டுவந்தார்களோ அவர்களை யாரும் கேட்கவில்லை. இன்று ஜமைக்காவின் அடுப்படியில் சுட்ட ஈரப்பலா அன்றாட உணவு என்றால், அதை உணவாக்கியது அடிமைகளின் பேரப்பிள்ளைகளின் கைப்பக்குவம்.

பாரிஸ் தோட்டத்துப் பிள்ளைகள்

பிரெஞ்சுப் பக்கத்திலும் இதே அளவு கதை இருக்கிறது. 1785இல் லா பெரூஸோடு கிளம்பியவர் ஜான் நிக்கோலா கொலிஞோன். தூவேன் எழுதிக்கொடுத்த குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு போனவர். 1786இல் கலிபோர்னியாவின் மான்டெரேயில் அவர் சேகரித்து அனுப்பிய விதைகளில் ஒன்று பாரிஸில் முளைத்துப் பூத்தது. கடற்கரை மணலில் படரும் இளஞ்சிவப்புப் பூக்கொடி அது. கலிபோர்னியாவிலிருந்து ஐரோப்பிய அறிவியலுக்குள் நுழைந்த முதல் செடிகளில் ஒன்று. 1787இல் ரஷ்யக் கீழ்க்கரையில் டி காஸ்ட்ரி விரிகுடாவில் விதை ஊன்றிக்கொண்டிருந்தபோது மழை. நெருப்பு மூட்ட வெடிமருந்தைத் தூவினார். கொம்புக்குடுவையே கையில் வெடித்தது. கட்டைவிரல் எலும்பு நொறுங்கியது. கப்பல் மருத்துவர் ரொலேனின் திறமையால் கை தப்பியது. 1788 மார்ச்சில் சிட்னியை அடுத்த பாட்டனி விரிகுடாவை விட்டுக் கிளம்பிய இரண்டு கப்பல்களும் வனிகோரோ தீவின் பவளப்பாறையில் உடைந்தன. கொலிஞோனும் போனார்.

அவர்களைத் தேடி 1791இல் கிளம்பிய பிரெஞ்சுக் கேப்டன் தான்த்ரகாஸ்தோவின் பயணத்தில் தோட்டக்காரர் ஃபெலிக்ஸ் தெலயே. 1792இல் டாஸ்மேனியாவின் ரெஷெர்ஷ் விரிகுடாவில் ஒரு சிறு காய்கறித் தோட்டம் போட்டார். மறு ஆண்டு வந்து பார்த்தபோது அநேகமாக எதுவும் தேறவில்லை. 2003இல் அந்தக் கரையில் புதருக்குள் செவ்வகமாக அடுக்கிய கற்கள் தென்பட்டபோது, இது தெலயேயின் தோட்டம்தான் என்று பரபரப்பு எழுந்தது. தோட்டத்தின் எச்சம்தானா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஆனால் மரம் வெட்ட இருந்த அந்த நிலம் 2006இல் காப்பு நிலமாக வாங்கப்பட்டது. முளைக்காமல் போன கீரைப்பாத்தியின் பெயரால் ஒரு காடு பிழைத்தது. தெலயே ஈரப்பலாக் கன்றுகளோடு பல துன்பம் கடந்து நாடு திரும்பி, பிறகு நெப்போலியனின் மனைவி ஜோசஃபினின் மால்மேசோன் தோட்டத்தில் தலைமைத் தோட்டக்காரரானார்.

போதேனின் பயணம் 1800 அக்டோபரில் ஐந்து தோட்டக்காரர்களோடு கிளம்பியது. ரியெட்லே ஏற்கெனவே கரீபியன் தீவுகளுக்குப் போதேனோடு போய் வந்தவர். அந்தப் பயணத்தில் வந்த உயிருள்ள பனைகளும் வாழைகளும் 1798 ஜூலையில் பாரிஸ் தெருக்களில், இத்தாலியில் கொள்ளையிட்ட சிற்பங்களோடு சேர்த்து ஊர்வலமாகக் கொண்டுபோகப்பட்டன. இரண்டாம் பயணத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ரியெட்லே கூப்பாங்கில் இறந்தார். இன்னொரு தோட்டக்காரர் சோத்தியே சில வாரங்களில் நடுக்கடலில் இறந்தார். இரண்டு பேர் மொரீஷியஸோடு நின்றுகொண்டார்கள். மிஞ்சியவர் ஆந்த்வான் கிஷெனோ. எழுத்தறிவு குறைவு. ஆனாலும் பயணத்தின் தாவரவியலாளர் லெஷெனோவைவிட அவர் சேர்த்த மாதிரிகள் அதிகம். எங்கே, எந்த நிலத்தில் எடுத்தது என்று அவர் கிறுக்கிவைத்த சீட்டுகள்தான் பயனுள்ளவை என்று இந்தப் பயணத்தை ஆராய்ந்தவர்கள் எழுதுகிறார்கள்.

சம்பளமும் பெயரும்

இன்வெஸ்டிகேட்டரின் சம்பளப் பட்டியல் இந்த உலகத்தின் படிநிலையை ஒரு வரியில் காட்டிவிடும். தாவரவியலாளர் ராபர்ட் பிரவுனுக்கு ஆண்டுக்கு 420 பவுண்டு, ஓவியர்களுக்கு 315 பவுண்டு, தோட்டக்காரர் பீட்டர் குட்டுக்கு 105 பவுண்டு. சரியாகக் கால் பங்கு. பிரவுனோடு அவர் ஒரே கரையில் இறங்கி, ஒரே வெயிலில் நடந்து, ஒரே கூடையில் செடி போட்டார். இரவில் பிரவுன் தாள்களை அடுக்கும்போது குட் விதை உலர்த்தி, கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினார். அவர் வளர்த்த கன்றுகள் அவருக்குப் பிறகு போர்ப்பஸ் என்ற கப்பலில் ஏற்றப்பட்டன. 1803 ஆகஸ்டில் அந்தக் கப்பல் பவளத்திட்டில் மோதியதில் எல்லாம் அழிந்தன. முன்பே அனுப்பியிருந்த விதைகள் மட்டும் கியூவில் முளைத்தன.

பெயர் சூட்டும் விஷயத்தில் இந்தப் படிநிலை இன்னும் தெளிவு. நெல்சன் அட்வெஞ்சர் விரிகுடாவில் ஒடித்த அந்தக் கிளையை லண்டனில் பார்த்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே, 1788 தேதியிட்ட தன் நூலில் அதை ஒரு புதுப் பேரினமாக விவரித்தார். அதுதான் யூகலிப்டஸ். நன்றாக மூடியது என்பது கிரேக்கத்தில் அதன் பொருள், மொட்டின் மூடியைப் பார்த்துவைத்த பெயர். அறிவியல் பெயருக்குப் பின்னால் லெரித்தியேயின் பெயர் நிற்கிறது. கிளை ஒடித்தவர் பெயர் தாளின் மூலையில். தெலயே கீரை விதைத்த அதே ரெஷெர்ஷ் விரிகுடாவில், அதே 1792இல், அந்தப் பயணத்தின் தாவரவியலாளர் லபில்லார்தியேர் எடுத்த இன்னொரு யூகலிப்டஸ்தான் 1840களில் உதகைக்கு வந்து மலை முழுக்கப் பரவி, நமக்கு நீலகிரித் தைலம் தந்த மரம். சளி பிடித்த மூக்கில் தடவும் துளிக்குப் பின்னால் இப்படி ஒரு கரை இருக்கிறது.

நம் தெருக்களில் மதிலேறிப் பூக்கும் காகிதப்பூவின் கதையும் இதே ரகம். 1767இல் ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுக் கேப்டன் பூகென்வீலின் பயணத்தின்போது சேகரித்த செடி அது. தாவரவியலாளர் கொமெர்சோன் உடல்நலம் குன்றியவர். அவருடைய பணியாள் சுமைதூக்கி, மலையேறி, செடி திரட்டினார். அந்தப் பணியாள் ஆண் வேடமிட்ட பெண், ஜான் பாரே. உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்று இன்று சொல்லப்படுபவர். செடிக்குக் கேப்டன் பெயர் கிடைத்தது. பாரேயின் பெயரில் ஒரு செடிக்குப் பெயர் வைக்க 2012 ஆகவேண்டியிருந்தது. தென் அமெரிக்காவின் கத்திரிக் குடும்பத்துச் செடி ஒன்று.

ஆனால் தோட்டக்காரர்கள் முழுக்க மறக்கப்பட்டார்கள் என்று சொன்னாலும் நியாயமாகாது. கூடவே நடந்தவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். குட் அனுப்பிய விதையில் முளைத்த செடி ஒன்றுக்கு குடியா என்று பெயர். கொலிஞோன், கிஷெனோ பெயர்களிலும் பேரினங்கள் உண்டு. குட்டோடு கூடை சுமந்த ராபர்ட் பிரவுன், 1810இல் ஒரு சிறு பூண்டுக்கு நெல்சோனியா என்று பெயரிட்டார். கூப்பாங் இடுகாட்டில் கல் இல்லாமல் கிடந்தவருக்கு ஒரு செடி கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவரை வெப்பநாடுகளின் ஈரமண்ணில் தரையோடு படர்வது, இந்தியாவிலும் உண்டு. யாரும் தொட்டியில் வளர்ப்பதில்லை.

கண்ணாடிப் பெட்டி வந்த பிறகு

தோட்டக்காரர்களின் கடற்காலத்தை முடித்துவைத்தது ஒரு பெட்டி. 1829இல் நதானியேல் வார்ட் என்ற லண்டன் மருத்துவர், மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் ஈரமண்ணில் பெரணி தானாக முளைத்து வாழ்வதைக் கவனித்தார். உள்ளே ஆவியாகும் நீர் கண்ணாடியில் பட்டு வழிந்து மறுபடி மண்ணில் சேர்கிறது. 1833இல் இப்படி மூடிய பெட்டிகளில் செடிகளைச் சிட்னிக்கு அனுப்பிப் பார்த்தார். உயிரோடு போய்ச் சேர்ந்தன. ஈயத்தகடும் பீப்பாயும் வாளியும் சேர்ந்து பவுண்டியில் செய்ய முயன்றதை, நாலு கண்ணாடிப் பலகை செய்துவிட்டது. தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாம். உப்புக்காற்றைக் கழுவ வேண்டாம். கேப்டனோடு சண்டை வேண்டாம். பின்னர் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனத் தேயிலைக் கன்றுகளை இமயமலைச் சரிவுகளுக்கு அனுப்பியதும் இப்பெட்டிகளில்தான்.

கப்பலைவிட்டு இறங்கியவர்கள் கரையில் தோட்டம் போட்டார்கள். பிராவிடன்ஸின் கிறிஸ்டோபர் ஸ்மித் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து, மலுக்குத் தீவுகளின் ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைப் பினாங்குக்குக் கொண்டுவந்து வளர்த்தார். போதேன் பயணத்தின் தாவரவியலாளர் லெஷெனோ 1816இல் புதுச்சேரிக்கு வந்து, 1822வரை செடியும் விதையும் திரட்டி ரீயூனியன் தீவுக்கும் பிரான்சுக்கும் அனுப்பினார். 1819இல் பிரெஞ்சுக் கேப்டன் பிலிபெர்ட்டின் கப்பல்களில் தோட்டக்காரராகக் கிளம்பி, ஜாவா, பிலிப்பைன்ஸ் செடிகளை உயிரோடு கொண்டுவந்த சாமுவேல் பெரொத்தே, 1830களில் புதுச்சேரிக்கு வந்தார். நீலகிரி மலைகளின் செடிகளைப் பற்றி எழுதினார். இடையில் போய் வந்து, புதுச்சேரித் தாவரவியல் தோட்டத்தைப் பல்லாண்டு பார்த்துக்கொண்டு, 1870இல் அங்கேயே இறந்தார். கூப்பாங்கில் செத்தவர்களைப்போலன்றி, தான் நட்ட மரங்களின் நிழலில் உட்காரும் வயதுவரை வாழ்ந்த கடற்தோட்டக்காரர் அவர்.

கியூவின் சட்டி

இந்த 60 ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால் இரட்டைக் கணக்கு தெரிகிறது. அடிமை முறைக்கும் பேரரசுகளுக்கும் ஊழியம் செய்தவர்கள் இவர்கள். எதைக் கொண்டுவர வேண்டும், யாருக்காக என்று முடிவு செய்தது இவர்கள் அல்ல என்றாலும், கன்றைப் பெயர்த்தது இவர்கள் கைதான். தஹிதியிலும் மற்ற தீவுகளிலும் அந்தக் கன்றைக் காட்டிக்கொடுத்தவர்கள் பெயர் இன்னும் அடியில், பெரும்பாலும் எழுதப்படாமலே போயிற்று. அதே நேரம், அறிவியலின் பாதி இவர்கள் பிழைக்கவைத்த உயிர்களின் மேல் நிற்கிறது. தாளில் ஒட்டிய இலைக்கு ஒரு முறை கவனம் போதும், பிறகு அலமாரி பார்த்துக்கொள்ளும். தொட்டிச் செடிக்கு அப்படி இல்லை. அதற்கு நேற்று ஊற்றிய தண்ணீர் இன்றைக்குக் கணக்கில் வராது.

அதனால்தான் இவர்களின் நினைவுச்சின்னத்தைக் கல்லில் தேடுவதைவிடக் கியூவின் பனைக்கூடத்தில் தேடுவது பொருத்தம். குக்கின் கப்பலில் போய் இறங்கிய மாசன், தென்னாப்பிரிக்காவின் கிழக்கு நிலப்பகுதியிலிருந்து எடுத்த சைகஸ் வகைச் செடி ஒன்று 1775இல் கியூ வந்து சேர்ந்தது. உலகின் மிகப் பழைய தொட்டிச்செடி என்று அதைச் சொல்கிறார்கள். 1819இல் ஒரே ஒரு முறை கூம்பு விட்டது. முதுமையில் இருந்த பேங்ஸ் அதைப் பார்க்க வந்தார், மறு ஆண்டு இறந்தார். இன்று நாலு மீட்டருக்கு மேல் நீண்டு, சாய்ந்து, முட்டுக்கொடுத்து நிற்கிறது. எடை ஒரு டன்னுக்கு மேல். 2009இல் அதைப் புதுத் தொட்டிக்கு மாற்றினார்கள்.

மாசன் 1805இல் கனடாவில் குளிர்காலம் ஒன்றில் இறந்தார். அவர் கப்பலில் அந்தச் செடிக்கு ஊற்றத் தொடங்கிய தண்ணீரை, அவருக்குப் பின் பெயர் தெரியாத யாரோ ஊற்றினார்கள், அவருக்குப் பின் இன்னொருவர். இந்த வாரமும் யாரோ ஒருவர் குவளையோடு வந்து ஊற்றிவிட்டு, அடுத்த செடிக்கு நகர்ந்திருப்பார்.